விருந்தினர் முகம் கோணாமல் கடினமான கேள்வி கேட்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பேட்டியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் பெரிய சேனலில் உட்கார்ந்து அமைச்சரைக் கேள்வி கேட்பவர், மறுநாள் அவரைக் கடைத்தெருவில் பார்க்கப் போவதில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கதை வேறு. காலையில் பேட்டி எடுத்த ஆளைச் சாயங்காலம் பேருந்து நிலைய டீக்கடையில் பார்ப்பீர்கள். அடுத்த முகூர்த்தத்தில் ஒரே பந்தியில் உட்காருவீர்கள். அவருடைய மச்சான் உங்கள் தெருவிலேயே குடியிருப்பார். அதனால்தான் நம் பக்கத்து யூடியூப் பேட்டிகளில் பெரும்பாலானவை பாராட்டு விழாவாக முடிகின்றன. மிச்சமிருப்பவற்றில் சில, வந்தவரை வறுத்தெடுத்து அனுப்பும் சண்டைக்காட்சியாக முடிகின்றன.

என் அனுபவத்தில், கேள்வி எவ்வளவு காரமாக இருந்தாலும் விருந்தினர் தாங்கிக்கொள்வார். போனில் ஒன்று சொல்லி அழைத்துவிட்டு கேமரா முன்னால் வேறொன்று செய்வதைத்தான் அவரால் தாங்க முடியாது. ஆகவே கீழே சொல்லும் வேலையில் பாதி, கேமராவை ஆன் செய்வதற்கு முன்பே முடிய வேண்டியது.

1. கேள்வியை ஒரே மூச்சில் கேட்கிற மாதிரி எழுதுங்கள்

“தண்ணீர்ப் பிரச்சினை பற்றிக் கேட்கணும்” என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால் உங்களிடம் இருப்பது தலைப்பு மட்டும்தான், கேள்வி இன்னும் வரவில்லை. பென்னாகரம் பக்கத்து முன்னாள் ஊராட்சித் தலைவர் ஒருவரை அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு கேள்வி இப்படி இறங்கும்: “இந்தத் தெருவில் இன்னும் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நீங்கள் பதவியில் இருந்தபோது இந்தத் தெருவுக்கு ஒகேனக்கல் குழாயை நீட்டச் சொல்லி யாருக்கு, எப்போது எழுதினீர்கள்?”

இதற்கு அவர் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும், அல்லது எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். “தண்ணீர்ப் பிரச்சினையில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசிவிட்டு எழுந்து போயிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

எழுதிய கேள்வியை இரண்டு விதமாகச் சோதியுங்கள். இதற்கு இவரால் மட்டும்தான் பதில் சொல்ல முடியுமா? முடியாதென்றால் இவரை ஏன் நோகடிக்க வேண்டும், தகவலை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்தது, கேள்வி அவர் பொறுப்பில் இருந்து செய்த காரியத்தைப் பற்றியதா, அல்லது அவர் பிறப்பு, குடும்பம், மகள் கல்யாணம் பற்றியதா? நம் பக்கம் சாதி பற்றிய கேள்வி சட்டென்று பற்றிக்கொள்ளும். விஷயமே சாதியாக இருந்தால், கோயிலுக்குள் விடவில்லை என்பது மாதிரி, நடந்த செயலைக் கேளுங்கள்: அன்றைக்குக் கதவைப் பூட்டச் சொன்னது யார், சாவி யாரிடம் இருந்தது. அவர் எந்த ஆட்கள் என்பதைக் கேள்விக்குள் இழுக்காதீர்கள்.

2. காகிதம் சேகரியுங்கள்

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். ஊராட்சி விஷயம் என்றால் கிராம சபைத் தீர்மானங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்க வேண்டும் என்பதால் எந்தத் தேதியில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று தேடுவது எளிது. போலீஸ் வழக்கு இருந்தால் முதல் தகவல் அறிக்கை. சில வகை வழக்குகள் தவிர மற்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. எதுவும் கிடைக்கவில்லையா, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். பதில் தர 30 நாள் கெடு இருப்பதால் பேட்டித் தேதியை அதற்கேற்பத் தள்ளி வைப்பது நல்லது.

காகிதம் இருந்தால் நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. இல்லாதபோதுதான் “ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்” என்ற பேச்சுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்கும். எந்த ஊரில், யார் என்று அவர் திருப்பிக் கேட்டால் முடிந்தது. கூடவே, ஆதாரம் இல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறு வழக்காக வந்து நிற்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, பலர் இதைச் செய்வதே இல்லை. அவர் தரப்பு நியாயத்தை அவரைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துபவர் ஒருவரைப் பெங்களூரா ரக மாங்காய் விலை பற்றிக் கேட்கப் போகிறீர்கள். ஒரு டன் கூழுக்கு எத்தனை டன் பழம் போகிறது, போன வருடக் கூழ் எவ்வளவு விற்காமல் கிடக்கிறது, ஏற்றுமதி ஆர்டர் எந்த மாதத்தில் உறுதியாகிறது என்று அந்தத் தொழிலில் இருக்கும் வேறொருவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பேட்டியில் அவர் “உங்களுக்கு எங்க கஷ்டம் புரியாது தம்பி” என்று ஆரம்பிக்கும்போது, “ஸ்டாக் தேங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான், சரி. ஆனால்…” என்று நீங்கள் தொடர முடியும். தன் கஷ்டம் தெரிந்த ஆள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்த கணத்தில் அவர் தோள் தளரும். எந்தத் தேனொழுகும் பேச்சாலும் அந்தச் சௌகரியத்தைக் கொண்டுவர முடியாது.

3. அழைக்கும் போனிலேயே கசப்பைச் சொல்லிவிடுங்கள்

நம் ஊர்களில் விருந்தினர் பெரும்பாலும் இடையில் ஒருவர் மூலமாகத்தான் வருவார். அந்த இடைப்பட்டவர், காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக, “சும்மா நாலு வார்த்தை, வேண்டாததெல்லாம் கேட்க மாட்டாங்க” என்று நம் சார்பில் சத்தியம் செய்து கொடுத்திருப்பார். அதை நம்பி வந்த ஆலைக்காரரிடம் நீங்கள் விவசாயிகளின் கொள்முதல் ரசீதை நீட்டினால் துரோகம் என்றுதான் நினைப்பார். அறிமுகம் அவர் செய்யட்டும், ஆனால் அப்புறம் நீங்களே நேரில் பேசுங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அண்ணா, மாங்காய் விலை பத்தித்தான் பேசப் போறோம். விவசாயிங்க சொல்ற புகாரையும் கேட்பேன். நீங்க உங்க கணக்கைத் தாராளமா சொல்லலாம்.”

“கேள்வியை முன்னாடியே அனுப்பிடுங்க தம்பி.”

“தலைப்பை அனுப்பறேன்ணா. கேள்வியே அனுப்பினா படிச்சுட்டு வந்து ஒப்பிக்கிற மாதிரி ஆயிடும், பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். ஆனா போன சீசன் கொள்முதல் தேதியும் விலையும் கேட்பேன், அதை மட்டும் பார்த்து வெச்சுக்குங்க.”

கேள்வியைக் கொடுக்கவில்லை, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லியாயிற்று. எவ்வளவு நேரம், எங்கே வெளியாகும், ஷார்ட்ஸாகவும் வெட்டிப் போடுவீர்களா, பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு “சொல்ல விரும்பவில்லை” என்று சொல்லலாம் என்பதையும் இதே போனில் சொல்லிவிடுங்கள். “அப்படின்னா நான் வரலை” என்று ஒதுங்குபவர்களும் உண்டு. ஒதுங்கட்டும். பாதியில் எழுந்து போவதைவிட அது இருவருக்கும் நல்லது.

சொந்தக்காரர் என்றால் பேட்டியின் ஆரம்பத்திலேயே பார்வையாளர்களிடம் சொல்லிவிட வேண்டும். எப்படியும் கீழே கமெண்டில் யாராவது எழுதத்தான் போகிறார்கள்.

4. இடம், ஃபேன், கூட வரும் ஆட்கள்

ஒலி கெடுகிறது என்று நாம் ஃபேனை நிறுத்துவோம். ஏப்ரல் மாதத் தருமபுரியில், தகர ஷீட் போட்ட மாடி அறையில், இரண்டு எல்இடி விளக்குக்கு நடுவில் ஒருவரை உட்கார வைத்துக் கடினமான கேள்வி கேட்டால் என்ன ஆகும்? நெற்றியில் வேர்வை வழியும். அவர் உண்மையையே சொன்னாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி தெரிவார். அது அவருக்கும் தெரியும், அதனாலேயே பதற்றம் கூடும். காலை ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள். கேள்விக்கு நடுவில் கேமராவை நிறுத்தி ஐந்து நிமிடம் ஃபேன் போடலாம். துண்டும் தண்ணீரும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். காலர் மைக்கைச் சட்டையில் நீங்களாகக் குத்த வேண்டாம், அவர் கையில் கொடுங்கள். பெண்கள் என்றால் இது கட்டாயம்.

கூட வரும் நான்கு பேர்தான் பெரிய தலைவலி. தன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தலைவரும் “ஆமாம், அது தவறிவிட்டது” என்று சொல்ல மாட்டார். அவர்கள் முன்னால் வீரமாகத்தான் பேசியாக வேண்டும். “இவங்களுக்குக் கீழே டீ சொல்லியிருக்கேன்ணா, சத்தம் விழும்” என்று இறக்கிவிடுங்கள். ஒருவர் மட்டும் இருக்கட்டும், அவரும் விருந்தினரின் கண் பார்வைக்கு வெளியே.

5. தொடக்கம்

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள், அது நேர்முகத் தேர்வு. அவர் கைக்குப் பழகிய ஒன்றைக் கேளுங்கள். மாங்கூழ் ஆலைக்காரரிடம், லாரி உள்ளே வந்ததும் முதலில் எந்தப் பழத்தை எடுத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் கையை ஆட்டிப் பேச ஆரம்பிப்பார். கை ஆடினால் உடம்பு இளகிவிட்டது என்று அர்த்தம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர், தமிழில் நன்றாகவே பேசினாலும், நெருக்கடியில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறலாம். அந்தத் தடுமாற்றம் மழுப்பல் மாதிரி தெரிந்துவிடும். “இதற்கு மட்டும் தெலுங்கிலேயே சொல்லுங்க, நாங்க கீழே தமிழில் எழுத்துப் போட்டுக்கறோம்” என்று சொல்லிப் பாருங்கள், பதில் இரண்டு மடங்கு தெளிவாக வரும்.

6. கடினமான கேள்வியை எங்கே வைப்பது

கடைசியில் வைக்கக் கூடாது. பலரும் “எழுந்து போனால் போகட்டும், மற்றதெல்லாம் எடுத்தாயிற்று” என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் அவர் விளக்கம் சொல்ல நேரம் இருக்காது, கசந்த முகத்தோடு வீட்டுக்குப் போவார். பாதி நேரம் தாண்டியதும் கேளுங்கள். அதற்குப் பிறகும் உண்மையான இரண்டு மூன்று கேள்விகள் மிச்சம் இருக்க வேண்டும்.

7. கேட்கும் விதம்

நம்மவர்கள் கடினமான கேள்விக்கு முன்னால் “தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஒரு முன்னுரை போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ வருகிறது என்று நீங்களே எச்சரிக்கை மணி அடித்துவிட்டு, அப்புறம் அவர் முறைக்கிறார் என்று குறைப்படுவானேன். “போனில் சொன்ன அந்த விலை விஷயத்துக்கு வருகிறேன்” என்பது போதும். ஏற்கெனவே தெரிந்ததுதான் வருகிறது என்று அவருக்குப் புரியும்.

“விவசாயி வயிற்றில் அடிக்கிறீர்களே, நியாயமா?” இது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. “சீசன் ஆரம்பத்தில் ஒரு விலை, இரண்டு வாரத்தில் குறைந்த விலை என்று இந்த ரசீதுகளில் இருக்கிறது. இறக்கும் முடிவை எடுத்தது யார், எதை வைத்து எடுத்தீர்கள்?” இதில் திட்டே இல்லை, ஆனால் தப்பிப்பது முன்னதைவிடக் கஷ்டம்.

தனியார் பள்ளித் தாளாளரிடம், “சரியாகப் படிக்காத பிள்ளைகளுக்கு டிசி கொடுத்து விரட்டிவிட்டுத்தான் நூறு சதவீதம் காட்டுகிறீர்களாமே?” என்று கேட்டால் “அபாண்டம்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். “எட்டாம் வகுப்பில் உங்களிடம் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உங்கள் பள்ளியிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்?” என்று கேளுங்கள். எண்ணிக்கையே பேசிவிடும்.

“ஏன்” என்று தொடங்கினால் பலருக்கு வாத்தியார் அதட்டுவது போல் இருக்கும். அதே விஷயத்தை “எப்போது”, “யார்”, “எப்படி” கொண்டு கேட்டுவிடலாம். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. மூன்றைச் சேர்த்துக் கேட்டால் மூன்றில் எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அழைக்கும் முறையை நடுவில் மாற்றக் கூடாது. ஆரம்பத்திலிருந்து “அண்ணா, அண்ணா” என்றுவிட்டு, சிக்கலான கேள்வியில் மட்டும் “நீங்கள் ஒரு பொறுப்பான பதவியில் இருந்துகொண்டு” என்று மேடைத் தமிழுக்குத் தாவினால் கத்தியை உருவியது போல் ஆகிவிடும். அண்ணா என்றால் கடைசி வரை அண்ணா. சார் என்றால் சார்.

தகடூர் (இன்றைய தருமபுரி) மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், உங்கள் ஆயுதங்கள் மயில்பீலி சூட்டி நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போலவே குத்தினார். நம் மண்ணில் நடந்த முதல் கடினமான பேட்டி அதுதான் என்று விளையாட்டாகச் சொல்வேன். ஆனால் தயவுசெய்து அதைப் பின்பற்ற வேண்டாம். வஞ்சப் புகழ்ச்சி வீடியோவில் எடுபடாது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதை நிஜப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள், விருந்தினர் வீட்டுக்குப் போய்ப் புரிந்துகொண்டு கொதிப்பார்.

8. கேட்ட பிறகு வாயை மூடுங்கள்

அவர் மௌனமாக இருக்கும் அந்த நாலைந்து நொடி நமக்குத்தான் தாங்காது. “அதாவது நான் என்ன கேட்கிறேன்னா, ஒருவேளை நிதி வரலையோ…” என்று பதிலையும் நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவரும் “ஆமா, நிதி வரலை” என்று பிடித்துக்கொள்வார். நோட்டைப் பார்க்காமல், முறைக்காமல், சும்மா இருங்கள்.

பதில் நழுவினால் நழுவிய இடத்தைக் காட்டி மறுபடி கேளுங்கள்: “நீங்கள் சொன்னது மாவட்டம் முழுக்க. நான் கேட்பது அந்த ஒரு தெருவைத்தான்ணா.” இரண்டாவது தடவையும் நழுவினால், “இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றாவது தடவை கேட்டால், பார்க்கிறவர்கள் அவர் பக்கம் சாய ஆரம்பிப்பார்கள்.

கோபப்பட்டால் உங்கள் குரலை இறக்குங்கள். அவர் குறையைத் திருப்பிச் சொல்லுங்கள்: “ஒரு பக்கத்து ரசீதை மட்டும் வைத்துக் கேட்கிறேன் என்கிறீர்கள். சரி, உங்களிடம் இருப்பதைக் காட்டுங்கள், அதையும் போடுகிறேன்.” சொன்னால் போட்டாக வேண்டும். மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்தால் போக விடுங்கள். வாசல் வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

9. எதிரே இருப்பவர் பாதிக்கப்பட்டவர் என்றால்

மேலே சொன்ன எதுவும் இங்கே பொருந்தாது. அரூர் பக்கத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து நடத்திய வன்முறையில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்துவிட, மிச்சம் 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களிடம் போய் “அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கம்மா” என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. நடந்தது தீர்ப்பில் இருக்கிறது. நீங்கள் கேட்கக்கூடியது அதற்குப் பிந்தையதை: இழப்பீடு வந்ததா, எத்தனை அலுவலகம் அலைய வேண்டியிருந்தது, பேச விருப்பம் உண்டா. கடினமான கேள்விகள் துறைகளுக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை.

“அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?” என்ற கேள்வியை நோட்டிலிருந்தே அடித்துவிடுங்கள். பேச்சின் நடுவில் அழுதால் நீங்களே கேமராவை நிறுத்துங்கள், அவர் கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மறுபடி தொடங்கலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முந்நூறு வீடு இருக்கும் ஊரில் வீட்டுச் சுவரின் நிறம், பின்னால் தெரியும் கோயில், குரல், இவற்றில் ஒன்று போதும் ஆளைக் கண்டுபிடிக்க. குழந்தைத் திருமணம் பற்றி எடுக்கிறீர்கள் என்றால் அந்தப் பிள்ளையைக் கேமரா முன் உட்கார வைக்கவே வேண்டாம். பள்ளியை, சமூகநலத் துறையை, மண்டபக்காரரைக் கேளுங்கள். இன்னும் நடக்காத கல்யாணம் என்றால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன், பேட்டி அப்புறம்.

10. மைக்கைக் கழற்றிய பிறகு

உண்மையான தகவல் பல நேரம் டீ குடிக்கும்போதுதான் வரும். “இதைப் போட்டுடாதீங்க” என்று அவர் சொல்லிவிட்டுச் சொன்னால் போடக் கூடாது. அதை வைத்து வேறு இடத்தில் ஆதாரம் தேடலாம். சொன்ன பிறகு “போடாதீங்க” என்றால் அங்கேயே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், தலையாட்டிவிட்டு வீட்டில் போய் யோசிக்க வேண்டாம்.

எடிட்டில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டாதீர்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, தம்ப்நெயிலில் “வாயடைத்துப் போன முன்னாள் தலைவர்! கதறல்!” என்று போட்டால் எல்லாம் பாழ். அரை மணி நேரப் பேட்டியை அவர் சொந்தக்காரர்கள் யாரும் முழுதாகப் பார்க்கப் போவதில்லை, அந்தப் படத்தைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். தலைப்பில் கேள்வியைப் போடுங்கள், அவர் முகத்தைக் கேலியாக்காதீர்கள். வெளியானதும் லிங்கை நீங்களே அவருக்கு அனுப்புங்கள். மூன்றாம் ஆள் மூலம் அவருக்குப் போய்ச் சேரக் கூடாது.

நீக்கச் சொல்லிப் போன் வரலாம். தகவல் பிழை என்றால் திருத்தி, எந்தத் தேதியில் எதைத் திருத்தினீர்கள் என்று கீழே எழுதுங்கள். “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று வருத்தப்பட்டால், நீக்க வேண்டியதில்லை, அவர் கூடுதல் விளக்கத்தைப் பதிவு செய்து சேர்க்கலாம். அரசியல்வாதிக்கும் ஆலைக்காரருக்கும் இந்த அளவு போதும். பாதிக்கப்பட்டவர் யாராவது பயமாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும், போனை வைத்த கையோடு வீடியோவை இறக்குங்கள். வெட்டிப் போட்ட ஷார்ட்ஸையும், ஃபேஸ்புக்கில் ஏற்றிய துண்டுகளையும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததையும் சேர்த்து.